எழுத்தறியாத கை

புத்தகம் கேட்டு வருகிறவருக்கு அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சில காலமாக அந்த வேலையில் ஒரு நெருடல் சேர்ந்துகொண்டிருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்பவர்களிடம் ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்புக் கோனார் உரை, குரூப் 4 வினாவிடை, பாம்புப் பஞ்சாங்கம், ரமணிசந்திரனின் இன்ன நாவல் என்று கேட்டால் இருக்கிறது, இல்லை, வரவழைத்துத் தருகிறேன் என்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். "ஏதாச்சும் நல்ல புக்கா நீங்களே பாத்துக் குடுங்கண்ணா" என்று சொல்பவர்கள்தான் என்னைத் தூங்கவிடாதவர்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் என் கை எழுந்துவிடுகிறது. எந்தத் தட்டு, எந்த நூல் என்று நான் யோசித்ததாக நினைவே இருக்காது. அந்த ஆளின் செருப்பு, தோளில் மாட்டியிருக்கும் பை, கூட வந்திருக்கும் பிள்ளை, பேச்சில் விழும் இழுவை எல்லாவற்றையும் கண் ஒரு நொடியில் கூட்டிப் பார்த்துக் கையிடம் ஒப்படைத்துவிடுகிறது. வாங்கிப் போனவர் திரும்பி வந்து, எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது என்று சொன்னால் மகிழ்ச்சி வருகிறது. அதன் பின்னாலேயே ஒரு பயமும் வருகிறது. அவருக்கென்று எழுதியது இதுதான் என எனக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்துதான் கொடுத்தேனா, இல்லை அந்தப் புத்தகத்தின் அளவுக்கு அவரைச் சுருக்கிவிட்டுக் கொடுத்தேனா? அவர் தானாகத் தேடியிருந்தால் கை எங்கே போயிருக்கும் என்பது இனி அவருக்கும் தெரியப்போவதில்லை, எனக்கும் தெரியப்போவதில்லை.

கடை உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம்தான். சுற்றுவட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் விடியலுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். அந்த வெள்ளைத் தூள் ஷட்டரின் இடுக்கில் புகுந்து நூல்களின் மேல்விளிம்பில் படிந்திருக்கும். காலையில் முதல் வேலை துடைப்பது. துடைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் கையில் எடுக்க வேண்டும். எடுத்ததைத் திறக்காமல் திரும்ப வைக்க என்னால் முடிவதில்லை. என் வாசிப்பில் பெரும்பகுதி இப்படி நடந்ததுதான். நின்றபடி, ஒரு கையில் துணியோடு, நடுவில் திறந்த பக்கத்திலிருந்து ஒரு பத்தி. அதற்குள் ஒரு பிள்ளை வந்து கிராஃப் தாள் கேட்கும், மூடிவிட வேண்டியதுதான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவை இரவில் வீட்டில் படித்தவை, அவை குறைவு. கடையில் படித்தவை தலையும் காலும் இல்லாமல் எனக்குள் கிடக்கின்றன. ஏதோ ஒரு நாவலில் கிழவி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். அவள் யார், பின்னால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்த உருவும் விரல் மட்டும் நினைவில் இருக்கிறது. மேசை இழுப்பறையில் பில் புத்தகத்துக்கு அடியில் ஒரு டாரோ சீட்டுக்கட்டு இருக்கிறது. சென்னையில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது எடைக்கு வந்த ஆங்கிலப் புத்தகங்களோடு வந்தது அது. ஆணியில் தொங்கும் பையில் கேமரா. விற்பது புத்தகம், சீட்டும் கேமராவும் வழியில் ஒட்டிக்கொண்டவை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மூன்றிலும் நான் செய்வது ஒன்றே என்ற எண்ணம் வந்த பிறகுதான் நெருடல் தொடங்கியது.

தை பிறப்பதற்கு முன்பே பஞ்சாங்கம் கேட்டு வந்துவிடும் பெரியவர் ஒருவர் உண்டு. வாங்கியதும் போய்விட மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ராசிபலனையும் கௌரிபஞ்சாங்கத்தையும் தாண்டி, ஆரூடச் சக்கரம் இருக்கும் பக்கத்துக்குப் போவார். கட்டம் கட்டமாக எண்கள். கண்ணை மூடி, மனசுக்குள் ஏதோ முணுமுணுத்து, ஆள்காட்டி விரலை மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார். விரல் நின்ற எண்ணுக்கு உரிய பலனை அடுத்த பக்கத்தில் என்னைத்தான் படிக்கச் சொல்வார். கண்ணாடி இல்லை என்பார். கண்ணாடி பையில் இருப்பது எனக்குத் தெரியும். பலனைத் தன் கண்ணால் படிக்கக் கூடாது என்று அவருக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: விரல் வைப்பவன் ஒருவன், வாசிப்பவன் வேறொருவன். அதை நான் மதிக்கிறேன். இந்தக் கணக்கு அவர் கண்டுபிடித்ததும் இல்லை. ஏட்டுச்சுவடிக் காலத்திலேயே நூலில் கயிறு சாத்திப் பார்ப்பது இங்கே வழக்கம். மனதில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு திருமுறைச் சுவடியில் கயிற்றைச் செருகி, விழுந்த ஏட்டில் வரும் பாடலை விடையாகக் கொள்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாத குறையோடு தம் குருவான சகலாகம பண்டிதரிடம் போனதும், பண்டிதர் தேவாரத்தில் கயிறு சாத்தியதும், திருவெண்காட்டுப் பதிகம் வந்ததும், அதன்படி களப்பாளர் மனைவியோடு திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடியதும் சைவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. பிறந்த பிள்ளைக்குச் சுவேதவனப்பெருமாள் என்று அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். இந்தக் கதைக்குப் பின்பாதி ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் ஓர் ஓலையெடுப்புதான். ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் இரண்டு, சோழன் முதலாம் பராந்தகன் காலத்தவை, வைகுந்தப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919இல் ஒன்று. 14ஆம் ஆட்சியாண்டு, 921இல் இன்னொன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு மதிப்பெண் வினா. குடவோலை முறை என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். எனக்கு அந்த இரண்டாவது கல்வெட்டில் பிடித்தது அதன் நுணுக்கம். ஊரில் 30 குடும்புகள், இன்றைய வார்டுகளைப் போல. குடும்பு குடும்பாகத் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டாக்கிக் குடத்தில் போட வேண்டும். சபையார் சிறியவர் பெரியவர் அத்தனை பேரும் கூடியிருக்க வேண்டும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் செய்து, அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதே பாலனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்ய வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். விரித்த விரல்களைக் கல்லில் வெட்டச் சொன்னவர்களுக்கு ஒரு கை எத்தனை விதமாக ஏமாற்றும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. 919இல் 30 முதல் 60 என்று வைத்த வயது வரம்பை இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று மாற்றியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்துக்குள் போகவே முடியாது. சட்டம் எழுதியவர்கள் தங்கள் முதல் சட்டத்தோடு இரண்டு வருடம் வாழ்ந்து பார்த்து, போதாது என்று கண்டு திருத்தியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். அன்று இந்த ஊர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். குடத்துக்குள் பெயர் விழுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர் பெற்ற ஏரியின் கரையை மண் சுமந்து உயர்த்தியவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது. ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுத்த அந்தக் குடம் ஏரியை வெட்டியவர்களை எண்ணவில்லை. பெண்களையும் எண்ணவில்லை. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 2020இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு அந்த வேகம் கூடியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பாலனை மட்டும் நான் ஏன் இத்தனை நாள் மனதில் சுமக்கிறேன்? எழுதிய மத்தியஸ்தரின் பெயர் கல்லில் இருக்கிறது, சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன் என்று. ஓலையை எடுத்த பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை. ஆனால் அந்தச் சபை முழுவதும் நம்பியது அந்தக் கையைத்தான். வேதம் படித்தவர்கள், பாஷ்யம் படித்தவர்கள் நிறைந்த கூட்டத்தில், படித்த கை எதுவும் குடத்துக்குள் போகக் கூடாது என்று படித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை அந்தச் சபையோடு முடிந்துபோய்விடவில்லை, வேதம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் இன்றும் பூக்கட்டிப் பார்க்கிறார்கள். சம்பந்தம் பேசலாமா, கிணறு வெட்டலாமா என்று சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைக்குக் கல்யாணமும் தெரியாது, கிணறும் தெரியாது. திருட்டுப் போன நகையைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர்களும் மையைப் பார்க்கக் குழந்தையைத்தான் உட்கார வைப்பார்கள். மந்திரம் சொல்வது பெரியவர், பார்ப்பது குழந்தை. கிளி ஜோசியத்தில் பிள்ளையின் இடத்தில் கிளி. காஞ்சிபுரத்துக் கோயில் வாசல்களில் சிறுவயதில் பார்த்தது கண்ணில் நிற்கிறது. கூண்டுக் கதவைத் திறந்ததும் குடுகுடுவென்று வந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் தள்ளித் தள்ளி ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு, நெல்மணியை வாங்கிக்கொண்டு தானே உள்ளே போய்விடும். அது பாவம், சிறகு வெட்டப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கிளியைக் கூண்டில் அடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. எனக்கு வியப்பு இதுதான்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இத்தனை வழக்கங்களிலும் எடுப்பது ஒரு கை, சொல்வது வேறொரு வாய். எடுக்கும் கைக்கு எழுத்துத் தெரியாது. சொல்லும் வாய் எடுக்காது. இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால் கெட்டுப்போகும் என்று நம்மவர்களுக்கு எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது.

என் இழுப்பறையில் இருக்கும் கட்டில் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிரபுக்கள் வீட்டுச் சீட்டாட்டமாகத் தொடங்கியது டாரோ. குறி சொல்லும் சாமானாகப் பெயர் பெற்றது 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில். 1781இல் கூர் த ஜெபலேன் என்பவர் இது எகிப்தின் பழைய ஞானம் என்று ஆதாரமில்லாமல் எழுதிவைக்க, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழிலே வளர்ந்தது. இன்று உலகமெங்கும் புழங்கும் படங்கள் 1909இல் லண்டனில் வில்லியம் ரைடர் என்ற புத்தகப் பதிப்பகம் வெளியிட்டவை. எழுத்து ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது, வரைந்தது பமீலா கோல்மன் ஸ்மித். வெகுகாலம் அந்தக் கட்டுக்கு ரைடர்-வெய்ட் என்றே பெயர். வரைந்தவள் பெயர் அதில் இல்லை. சொற்பக் கூலிக்குப் பெரிய வேலை முடித்ததாக அவளே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாள். கடிதம் போனது நியூயார்க்கில் இருந்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக்காரருக்கு. புகைப்படத்துக்கென்றே அவர் நடத்திய காட்சிக்கூடத்தில், புகைப்படம் அல்லாத கலைக்கு முதன்முதலாக 1907இல் இடம் கொடுத்தபோது சுவரில் தொங்கியவை பமீலாவின் ஓவியங்கள். பதிப்பகம், சீட்டு, கேமரா மூன்றும் எனக்கு முன்பே எங்கோ ஒரு கடிதத்தில் சந்தித்திருக்கின்றன என்று தெரிந்தபோது காரணமில்லாத ஆறுதல் ஒன்று வந்தது. 1951இல் கையில் காசில்லாமல் இறந்தாள் பமீலா. சீட்டுகளின் மூலையில், பாம்பு சுருண்டதைப்போல மூன்று எழுத்துகளைப் பின்னிய அவள் ஒப்பம் இருக்கிறது. தபால்தலை பார்க்கும் லென்ஸை வைத்து அதைத்தான் நான் அடிக்கடி பார்ப்பேன்.

இந்தச் சீட்டில் எடுக்கும் கையும் சொல்லும் வாயும் விலகி நிற்பதில்லை. கேள்வி கேட்பவரே கலைக்கிறார், அவரே எடுக்கிறார். என்ன கிடைக்க வேண்டும் என்ற ஆசையும் பயமும் அவர் விரலிலேயே இருக்கின்றன. சொல்பவன் எதிரில் உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண் ஒருத்தி ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் கடைக்கு வருவாள். நூலகத்தில் கிடைக்காத நாவல்களை எடுத்துப் போய்ப் படித்துவிட்டுப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுப்பாள். ஒருநாள் இழுப்பறையில் சீட்டைப் பார்த்துவிட்டாள். "ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள். காசு வாங்குவதில்லை, பலிக்கும் என்றும் சொல்வதில்லை என்ற நிபந்தனையோடு பார்த்தேன். அவள் கேட்டது என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மூன்று சீட்டு எடுக்கச் சொன்னேன். விரல் நுனிகளில் தோல் உரிந்து வெளுத்திருந்தது, உள்ளே ஏதோ திரவத்தில் பாகங்களைக் கழுவும் வேலை என்று முன்பே சொல்லியிருந்தாள். முதல் சீட்டின் மேல் அந்த விரல் கொஞ்சம் தயங்கி, தாண்டிப் போய், திரும்பி வந்து எடுத்தது. வாள் எட்டு. கண் கட்டப்பட்ட பெண், உடம்பைச் சுற்றித் துணிக் கட்டு, சுற்றிலும் மண்ணில் குத்தி நிற்கும் வாள்கள், தூரத்தில் குன்றின்மேல் கோட்டை. கையேட்டில் இதற்குச் சிறைப்பாடு, முடக்கம் என்று போட்டிருக்கும். அந்தத் தயங்கிய விரலும் கையேட்டு வரியும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்து, சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் நாக்குக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் சீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். "என்னண்ணா இது, கண்ணாமூச்சி ஆடறாங்களா?" என்றாள். பிறகு, "கீழ தண்ணி நிக்கிது பாருங்க. நடவுக்கு ஓட்டி வெச்ச கயினியாட்டம்." என் வாக்கியம் நாக்கிலேயே நின்றுவிட்டது. அந்தச் சீட்டை எத்தனையோ முறை லென்ஸ் வைத்துப் பார்த்தவன் நான். காலடியில் தேங்கிய நீரை ஒரு குறியீடாக மட்டும் தெரியும். அது சேறு, நடக்கலாம், கால் புதையும், பிறகு வெளியே வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பமீலா எதை நினைத்து வரைந்தாளோ. ஆனால் கண்ணைக் கட்டியிருப்பது விளையாட்டாகவும் இருக்கலாம் என்று பார்ப்பதற்குக் கையேடு படிக்காத கண் தேவைப்பட்டது. மற்ற இரண்டு சீட்டுகளையும் அவளே பார்த்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கேள்வியைச் சுமந்து வந்தவளுக்கு என் படிப்பால் ஒரு பயனும் இல்லை என்றால் நான் எதற்காகப் படித்தேன்? கேமராவை எடுத்துக்கொண்டு போகும் நாட்களில் இந்தக் கேள்வி கொஞ்சம் அடங்கியிருக்கும். முகங்களை நான் எடுப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் கடைக்காரப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். கைகளை எடுக்கிறேன். வேர்க்கடலை ஆயும் கை, பாவு நூலில் அறுந்த இழையை முடிச்சிடும் கை, சில்லறை எண்ணும் கண்டக்டரின் கை. ஸ்டீக்லிட்ஸ் 1917 முதல் ஜார்ஜியா ஓ'கீஃபின் கைகளைத் திரும்பத் திரும்ப எடுத்தார். அந்தப் படங்கள் பலவற்றில் ஓவியக்காரியின் விரல்கள் எதையும் பற்றாமல் காற்றில் வளைந்து நிற்கும், பார்ப்பவன் அவற்றுக்கு எந்த வேலையையும் கொடுக்க முடியாது. எனக்கு அப்படி எடுக்க வருவதில்லை. எங்கள் ஊரில் வேலையில்லாமல் ஒரு கையைப் பார்ப்பது அரிது. கைகள் கிடைக்காதபோது கோயில் சுவருக்குப் போவேன். கல்வெட்டை எடுப்பதற்கு உச்சிவெயில் உதவாது. நேராக விழும் வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒன்றாகி எழுத்து மறைந்துவிடும். வெளிச்சம் சுவரை ஒட்டிச் சாய்ந்து வரும் நேரத்தில்தான் ஒவ்வொரு உளிவெட்டும் ஒரு நிழலைப் பெற்றுக்கொண்டு எழுந்து நிற்கும். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை லின்னேயஸ் டிரைப் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே சுருளாக ஆக்கினார். காகித நெகட்டிவ், கனத்த பெட்டிக் கேமரா. மதராஸ் அரசின் புகைப்படக்காரரான அந்தக் கம்பெனிப் படை அதிகாரிக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் படம் படமாகத் தொடர்ந்து எடுத்திருக்கிறார். எனக்கும் பத்தாம் நூற்றாண்டு எழுத்து கூட்டித்தான் வாசிக்க வரும், நடுவில் கிரந்தம் வந்தால் நின்றுவிடும். புத்தகக்கடை வைத்திருப்பவன், ஊரின் மிகப் பெரிய எழுத்துக்கு முன்னால் பாதி எழுத்தறியாதவனாக நிற்கிறேன். நாகசாமியும் பிரான்சுவா குரோவும் 1970இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியே இந்த ஊரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார்கள், பிரெஞ்சில். ஊரில் பிறந்தவர்களுக்கு அதுவும் வாசிக்க முடியாத எழுத்துதான்.

எழுத்தறியாமையை இப்படி மெச்சிக்கொண்டே போவது எனக்கே பயமாக இருக்கிறது. எழுத்து மறுக்கப்பட்டவர்கள் வாழ்ந்த மண் இது. அந்தப் பாலன் அடுத்த சில ஆண்டுகளில் ஏடு பிடித்திருப்பான். அவனுடைய அறியாமை வயதால் வந்தது, வயதோடு போய்விடும். ஏரி மண் சுமந்தவரின் பிள்ளைக்கு அறியாமை விதியாகத் தரப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, படிக்காத கைதான் பரிசுத்தம் என்று புத்தகம் விற்கிறவன் சொன்னால் அதைவிட அநியாயம் வேறில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் வாங்குகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்துகொள்வதுதான் விடுதலை. அதனால் சகலாகம பண்டிதர் கதையின் பின்பாதியை நான் வேறு விதமாகக் கேட்கப் பழகியிருக்கிறேன். அவர் கயிறு சாத்தியதன் பயனாகப் பிறந்த பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்ந்து, மெய்கண்டார் என்று பெயர் பெற்று, சிறுவயதிலேயே மாணவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டது. பண்டிதர் பார்க்க வந்தார். தான் பார்த்துச் சொன்ன பலன் தன்னை எழுந்து வணங்கவில்லையே என்ற எண்ணத்தோடு, ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். பிள்ளை பதில் பேசாமல் அவரை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தது. பண்டிதர் அந்தப் பார்வையில் விழுந்து, அந்தப் பிள்ளைக்கே சீடராகி, அருணந்தி என்று பெயர் கொண்டு, சிவஞான சித்தியார் எழுதினார். படித்தவர் குழந்தைக்குத் தோற்றார் என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்குத் தோன்றுவது வேறு. சகல ஆகமமும் படித்தவர் அதற்குப் பிறகு படிப்பை விடவில்லையே. இன்னும் பெரிதாக ஒன்றை எழுதினார். அவர் விட்டது, நான் பார்த்துச் சொன்ன பலன் நீ என்ற உரிமையை மட்டும்தான்.

அந்த உரிமையை விடுவதற்கு மனசை மட்டும் நம்பினால் ஆகாது, முறை ஒன்று வேண்டும். இந்த இடத்தில் எனக்குக் கோயில் சுவரிலிருந்து கிடைத்தது பாலனைவிடச் சாதாரணமான ஒரு விதி. பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் 30 குடும்பிலிருந்து 12 பேர் வர வேண்டும். இந்த ஆண்டு வந்த 12 குடும்புகளை அடுத்த ஆண்டு நீக்கிவிட்டு, மீதி 18 குடும்புகளிலிருந்துதான் ஓலை எடுக்க வேண்டும். குருட்டுக் கை தொடாமல் விட்டவர்களுக்கு எழுத்தில் ஒரு முறை கொடுத்திருக்கிறார்கள். தற்செயலை அப்படியே தெய்வ வாக்காக விட்டுவிடாமல், அதன் மிச்சத்தைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். என் சீட்டுக்கட்டில் இது கிடையாது. நேற்று வந்த வாள் எட்டு இன்றும் வரலாம், வராத சீட்டு வராமலே கிடக்கலாம். கடையிலும் இருக்கவில்லை. என் கை பழகிய தட்டுகளே திரும்பத் திரும்ப விற்றுக்கொண்டிருந்தன. மற்றவை மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது பதிப்பகங்களுக்கு விற்காத பிரதிகளாகத் திரும்பிப் போயின, மேல்விளிம்பில் குவாரித் தூளோடு. இப்போது பின் அறையில் இருந்த இலக்கிய அலமாரியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். என் மேசையைத் தாண்டாமலே யாரும் அதைத் தொடலாம். நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்று கேட்பவரிடம், முதலில் நீங்கள் ஒன்றை எடுத்து வாருங்கள், அதைப் பற்றிப் பேசுவோம் என்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு நேரமில்லை தம்பி, நீயே குடு என்று உரிமையோடு கேட்கும் பெண்மணியிடம் நான் தோற்றுப்போகிறேன். கை பழைய இடத்துக்கே போகிறது. கண்மட்டத் தட்டில் எதை வைப்பது என்று தீர்மானிப்பதும் கடைசியில் என் கைதான் என்பதால், பிடித்தது பிடிக்காதது பாராமல் கடைக்கு வந்த தேதியை மட்டும் பார்த்து, வெகுநாள் யாரும் எடுக்காதவற்றை மாதத்துக்கு ஒருமுறை முன்னால் நகர்த்துகிறேன். இந்த மாதம் அப்படி முன்னுக்கு வந்தவற்றில் மாட்டு வைத்தியம் ஒன்று, நான் படித்து எனக்குப் பிடிக்காமல்போன ஒரு கவிதைத் தொகுப்பு ஒன்று, திருக்குறளுக்குப் பழைய உரை ஒன்று. கவிதைத் தொகுப்பைப் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் நின்றபடியே வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டான். நீ படித்துவிட்டு வா, பிறகு சொல்கிறேன் என்று பத்து சதம் கழிவு போட்டுப் பில் எழுதினேன். அவன் வந்தால் என் மறுப்பை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அவனும் சொல்வான்.